உறைமோர்க் கணக்கு எபாக்சிக்கு ஆகாது

கரூரில் வளர்ந்த எனக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு சத்தங்கள் பழக்கம். ஒன்று தறிச் சத்தம். இன்னொன்று பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் தகடு அடிக்கும் சத்தம். துணியும் பஸ்ஸும்தான் ஊருக்குச் சோறு போடுகின்றன. இந்த இரண்டு தொழிலையும் சேர்த்துக் குழைத்தால் நான் கல்லூரியில் படிக்கப்போகும் பாடம் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தேன். மாணவர்களே ஒரு சின்ன ரேஸ் காரை வடிவமைத்து, செய்து, ஓட்டிக் காட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் வகைப் போட்டிகளுக்கு எங்கள் கல்லூரியில் ஒரு குழு இருந்தது. அந்த வகையில் இந்தியாவில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியின் களமான கரி மோட்டார் ஸ்பீட்வே, கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில்தான் இருக்கிறது. ஜனவரியில் போட்டி, அதற்குள் கார் ஓட வேண்டும். குழுவில் காம்போசிட் பிரிவு என்று ஒன்று. காம்போசிட் என்றால் கண்ணாடி, கார்பன் போன்ற இழைத்துணியை ரெசின் என்ற பிசினில் நனைத்து இறுக வைத்துச் செய்யும் பொருள். சீட், முன்மூக்கு, அடித்தட்டு மூன்றும் அதன் பொறுப்பு. அதில் யாரும் விரும்பிச் சேர மாட்டார்கள், உடம்பெல்லாம் அரிக்கும் என்று பேர். நான் சேர்ந்தேன்.

போயிங் 787 எடையில் பாதி காம்போசிட், ஏர்பஸ் ஏ350-இல் 53 சதவீதம், நம் தேஜஸ் விமானத்தின் உடற்கூட்டில் 45 சதவீதம் என்று முதல் வகுப்பில் குறித்துக்கொண்ட எண்கள் இன்னும் நோட்டில் இருக்கின்றன. கேட்கப் பெருமையாக இருந்தது. ஆனால் கண்ணாடி இழையில் கையை வைத்து ஒரு பொருளைச் செய்த ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. அப்பாவிடம் சொன்னேன். "நம்மூர்லயே செய்யறாங்களே" என்றார்.

அப்படித்தான் இரண்டாம் ஆண்டு முடிந்த ஏப்ரல் விடுமுறையில், பஸ்ஸின் முன்பக்க ஷோ, பின்பக்க ஷோ என்று சொல்லும் முகப்புகளையெல்லாம் ஃபைபரில் வார்க்கும் ஒரு பட்டறையில் மூன்று வாரம் போய் நின்றேன். அப்பாவுக்குப் பழக்கமான ஒரு மேஸ்திரி. நான் மாமா என்று கூப்பிட்டேன், அவர் என்னை அம்மிணி என்றார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். முப்பது வருடமாக ரெசின் வாசனையிலேயே இருப்பவர்.

அங்கே ஓடியது பாலியெஸ்டர் ரெசின். அது இறுக இரண்டு சங்கதி வேண்டும். ஊதா நிறக் கோபால்ட் திரவம், அது ஆக்சிலரேட்டர். தண்ணீர் மாதிரி இருக்கும் எம்.இ.கே.பி., அது கேட்டலிஸ்ட். பட்டறையில் இந்தக் கேட்டலிஸ்டுக்குத்தான் ஹார்டனர் என்று பெயர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து என்னைக் கவிழ்த்தது இதுதான்.

முதல் நாளே அவர் கறாராகச் சொன்னது, இந்த இரண்டையும் எந்தக் காலத்திலும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது. கோபால்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட வேண்டும், கேட்டலிஸ்ட் கடைசியில். இரண்டும் ஒரே கிண்ணத்தில் சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பட்டறையின் கிழக்கு மூலையில் ஒன்று, மேற்கு மூலையில் இன்னொன்று. எடுத்து வர ஆளும் தனித்தனி. எங்கள் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில் இருந்தன. திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை அவற்றைப் பிரித்து வைத்ததுதான்.

கேட்டலிஸ்ட் எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டதற்கு அவர் சதவீதம் சொல்லவில்லை. "தயிருக்கு உறை ஊத்தறியல்ல அம்மிணி, அதே கணக்குத்தான். பனிக்காலத்துக்குக் கொஞ்சம் சேத்தி, வெயில் காலத்துக்குக் கொறச்சு. வெயிலப் பாத்து ஊத்தோணும்." நான் நோட்டும் தராசுமாக இரண்டு நாள் அவர் பின்னாலேயே அலைந்து அளந்து பார்த்தேன். காலையில் ஒன்றரை சதவீதத்துக்குப் பக்கத்தில் ஊற்றியவர், மத்தியானம் நாற்பது டிகிரி வெயிலில் ஒன்றுக்கு இறக்கியிருந்தார். இரண்டு வேளையும் ரெசின் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் ஜெல் ஆனது, அதாவது கூழாக உறைந்தது. அசந்துபோனேன்.

துணி விஷயத்தில் எனக்கு வேறொரு ஆசிரியர் இருந்தார், என் அம்மா. வீட்டில் ஜாக்கெட் தைப்பவர். பட்டறையில் வளைவான இடங்களுக்கெல்லாம் மேட்தான் போட்டார்கள், அதாவது துண்டு துண்டாக வெட்டிய இழையைப் பசையால் ஒட்டிய விரிப்பு. ரெசின் பட்டதும் அந்தப் பசை கரைந்து, விரிப்பு எந்த வளைவுக்கும் படிந்துவிடும். எங்கள் சீட்டுக்கு நெய்த துணி போடுவதாக இருந்தோம். கல்லூரியிலிருந்து கொண்டுவந்த மாதிரித் துண்டை அம்மாவிடம் காட்டி, இது மூலையில் சுருக்கம் விழுகிறது என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டு, பாவு எது ஊடை எது என்று பிரித்து, மூலைவாட்டில் இழுத்துக் காட்டினார். "கிராஸ்ல வெட்டுனா துணி வளைஞ்சு குடுக்கும். கிராஸ் கட்டிங் ஜாக்கெட் எதுக்குத் தைக்கறோம்?" நெய்த துணியின் 45 டிகிரி வாட்டம் என்று பிறகு படித்த பாடம் முழுக்க அவ்வளவுதான். பாவும் ஊடையும் ஒன்றன் மேல் ஒன்று கத்தரிபோலச் சாய்ந்து கொடுக்கும், அதனால் வளைவில் படியும். கூடவே இன்னொன்றும் உண்டு. அப்படிச் சாய்த்துப் போட்ட துணி முறுக்கு விசையை நன்றாகத் தாங்கும், நேர் இழுப்பை அவ்வளவு தாங்காது. தைப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கவலை கிடையாது, எங்களுக்கு உண்டு.

பேப்பரில் பேட்டர்ன் வெட்டி, மோல்டில், அதாவது பொருளை வார்க்கும் அச்சில், வைத்துப் பார்த்து, அப்புறம்தான் துணியில் கத்தரி வைக்க வேண்டும் என்பதும் அம்மாவிடம் எடுத்ததுதான். எங்கள் குழுவில் துணி வீணாவது அந்த வருடம் பாதிக்கு மேல் குறைந்தது.

இவ்வளவு தெரிந்துகொண்டு வந்தவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

அக்டோபரில் சீட். ஓட்டுபவரை காருக்குள் உட்கார வைத்து, பெரிய பிளாஸ்டிக் பையில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் பி.யு. (பாலியூரித்தேன்) நுரை பொங்கி அவர் முதுகுக்கு ஏற்ப உறையும். அதைச் செதுக்கி, புட்டி பூசித் தேய்த்து, அதிலிருந்து மோல்டு எடுத்தோம். சீட்டுக்குத் துணி 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கண்ணாடி இழை, எட்டு அடுக்கு. ரெசின் இந்தமுறை பாலியெஸ்டர் இல்லை, எபாக்சி. ரெசின் எல்.ஒய். 556, அதோடு ஹார்டனர் எச்.ஒய். 951. இந்தியாவில் காம்போசிட் பக்கம் எட்டிப் பார்த்த எந்த மாணவருக்கும் இந்த இரண்டு எண்களும் மனப்பாடம். நூறு கிராமுக்குப் பத்து கிராம்.

அன்றைக்கு நல்ல வெயில். கூட இருந்த இரண்டு பேரும் புதியவர்கள், மெதுவாகத்தான் வேலை செய்வார்கள். எட்டு அடுக்கும் போட்டு முடிப்பதற்குள் ரெசின் இறுகிவிடுமே என்று யோசித்தேன். கரூர் மூளை வேலை செய்தது. வெயில் காலத்துக்கு ஹார்டனர் குறைச்சு. நூறுக்குப் பத்து போடாமல் ஆறு போட்டேன். "பயப்படாதே, எனக்குத் தெரியும்" என்று ஜூனியரிடம் சொன்னது வேறு ஞாபகம் இருக்கிறது.

வேலை நிதானமாக முடிந்தது. ரோலர் போட்டுக் காற்றையெல்லாம் வெளியேற்றினோம். மறுநாள் காலையில் தொட்டால் பிசுபிசுப்பு. சரி, இன்னும் ஒரு நாள். மூன்றாம் நாள் கட்டைவிரலை அழுத்தினேன், ரேகை பதிந்தது. வெயிலில் வைத்தோம். அடுப்பில் வைத்தோம். சூடாக இருக்கும்போது இன்னும் இளகியது, ஆறினால் மறுபடி பழைய பிசின். மொத்தம் இரண்டு வாரம் அந்தச் சீட்டைச் சுற்றி வந்தேன்.

பாடம் நடத்திய சாரிடம் போனபோது அவர் திட்டவில்லை. எவ்வளவு ஹார்டனர் என்று கேட்டார். சொன்னேன். "உன் கேட்டலிஸ்ட் வேற, இந்த ஹார்டனர் வேற. பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா?" என்றார்.

விஷயம் இதுதான். பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் வேலையைத் தொடங்கி வைக்கிறது. அதன்பிறகு ரெசினும் அதில் கலந்துள்ள ஸ்டைரின் என்ற திரவமும் தாங்களே சங்கிலியாகப் பிணைந்துகொள்கின்றன. மேஸ்திரி சொன்ன உறைமோர் அச்சாகப் பொருந்துகிறது. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தயிர் சீக்கிரமாகவோ தாமதமாகவோ தோயும், தோயாமல் போகாது. அதற்கும் வரம்பு உண்டு, மிகவும் குறைத்தால் அதுவும் சரியாக இறுகாது. எபாக்சியில் ஹார்டனர் உறைமோர் இல்லை, ஊடை. ரெசின் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைக்கும் நூலே அதுதான். பாவை மட்டும் முழுக்க ஓட்டிவிட்டு ஊடையில் பத்துக்கு நாலு நூலைக் குறைத்தால் துணி எப்படி வரும்? வெயிலில் காயப்போட்டால் இல்லாத நூல் வந்துவிடாது. கூடுதலாக ஊற்றினாலும் இதே கதைதான், மிஞ்சிய ஹார்டனர் பிணைய ஆளில்லாமல் உள்ளேயே கிடந்து பொருளை மெலிவாக்கும்.

எபாக்சியில் நேரம் வேண்டுமென்றால் மெதுவாக இறுகும் வேறொரு ஹார்டனர் வாங்க வேண்டும். அல்லது கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், கலந்ததை அகலத் தட்டில் பரப்பி வைக்க வேண்டும். அகலத் தட்டு ஏன் என்பதை எங்கள் ஜூனியர் ஒருவன் எல்லோருக்கும் நிரூபித்துக் காட்டினான். ஒரு கிலோவை ஒரே பிளாஸ்டிக் மக்கில் கலந்து வைத்துவிட்டுக் கையுறை தேடப் போனான். இறுகும்போது ரெசின் சூட்டைக் கக்கும். குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை, சூடு ஏற ஏற வேகமும் ஏறும். திரும்பி வருவதற்குள் மக்கிலிருந்து புகை, அடிப்பாகம் உருகி மேசையோடு ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் கலக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினோம்.

இரண்டாவது சீட் கல் மாதிரி இறுகியது. ஆனால் மோல்டை விட்டு வரவில்லை.

ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மோல்டுக்கு ஆறு தடவை மெழுகு போட்டிருந்தோம், அதன் மேல் தண்ணீரில் கரையும் பி.வி.ஏ. படலமும் அடித்திருந்தோம். அப்படியும் அசையவில்லை. இரவு எட்டு மணிக்கு மேஸ்திரிக்கு போன் போட்டேன். "ஓரத்துல மரச்சக்கை செருகித் தண்ணி ஊத்து, பி.வி.ஏ. கரைஞ்சு உட்டுரும்" என்றார். ஊற்றினோம். ஓரம் விட்டது, நடு விடவில்லை. பக்கவாட்டை விவரித்ததும் சிரித்துவிட்டார். "இட்லிக் குழி எப்படி இருக்குது? மேல போகப்போக வாய் விரிஞ்சிருக்குதல்ல? அதனாலதான் கவுத்தா இட்லி உழுகுது. நீ குடம் மாதிரி செஞ்சு வெச்சுட்டு இட்லி வரலைங்கறே."

ஓட்டுபவரின் இடுப்பை இறுகப் பிடிக்க வேண்டும் என்று சீட்டின் இரு பக்கங்களையும் உள்நோக்கிச் சாய்த்து வடிவமைத்தது நான்தான். கணினித் திரையில் அழகாக இருந்தது. அது மோல்டிலிருந்து எப்படி வெளியே வரும் என்று ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. மோல்டை நடுவில் அறுத்துத்தான் சீட்டை எடுத்தோம். பிறகு அதையே இரண்டு துண்டு மோல்டாக, நடுவில் போல்ட் போட்டு இணைப்பதாக மாற்றினோம். அந்த அறுத்த கோடு இன்றைக்கும் அந்த மோல்டில் வரும் ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் தழும்பாகப் பதிகிறது.

வெளியே வந்த சீட்டில் ஓட்டுபவர் சாய்ந்ததும் தோள்பக்கம் அப்படியே பின்னால் வளைந்தது. கணினிக் கணக்குப்படி அது மூன்றில் ஒரு பங்குதான் வளைந்திருக்க வேண்டும். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே தப்பைப் பிறகு பல புராஜெக்ட் அறிக்கைகளில் பார்த்துவிட்டேன்.

மென்பொருளில் பொருளின் விறைப்பு எவ்வளவு என்று கேட்கும். நாங்கள் 45 ஜிகாபாஸ்கல் போட்டிருந்தோம். எங்கிருந்து வந்தது இந்த எண் என்று சார் கேட்டார். இணையத்தில் கிடைத்த ஒரு டேட்டாஷீட். அதைத் திறந்து பார்த்தால், அது ஒரே திசையில் இழை ஓடும், 60 சதவீதம் இழை அடர்த்தியுள்ள பொருளுக்கான எண். இழையின் விறைப்பு சுமார் 72, அதில் 60 சதவீதம் எடுத்து, ரெசினின் சின்னப் பங்கையும் கூட்டினால் 45-க்குப் பக்கத்தில் வரும். எங்களுடையது நெய்த துணி. இழையில் பாதி பாவுக்கும் பாதி ஊடைக்கும் போய்விடுகிறது. கையால் ரெசின் தடவியது வேறு. தடிமனை மட்டும் வெர்னியர் வைத்து எங்கள் கையால் செய்த எட்டு அடுக்கு மாதிரித் தட்டிலிருந்தே அளந்து 1.9 மி.மீ. என்று போட்டிருந்தோம். தடிமன் எங்களுடையது, விறைப்பு யாருடையதோ.

"எரிச்சுப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பினார். அதே எட்டு அடுக்குத் தட்டில் ஒரு அங்குலச் சதுரங்கள் வெட்டி, எடை போட்டு, பீங்கான் குப்பியில் வைத்து மஃபில் உலையில் 565 டிகிரியில் வைத்தோம். ரெசின் முழுக்க எரிந்துபோய் வெள்ளைத் துணி மட்டும், அடுக்கு அடுக்காக, எண்ணிப் பார்க்கிற மாதிரி மிஞ்சியது. எடையில் 52 சதவீதம் கண்ணாடி. பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன். எடையைக் கன அளவாக மாற்றியதும் சந்தோஷம் போயிற்று. கண்ணாடியின் அடர்த்தி 2.55, ரெசின் 1.2. அதன்படி இழை வெறும் 34 சதவீதம். மிச்சமெல்லாம் நாங்கள் தாராளமாக ஊற்றிய ரெசின். இழுவைச் சோதனையில் விறைப்பு 14, 15 என்று வந்தது. மூன்றில் ஒரு பங்கு. சீட் பொய் சொல்லவில்லை.

(இந்த எரிப்புச் சோதனையைக் கார்பன் இழைக்கு இப்படிச் செய்ய முடியாது. அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் கார்பனும் சேர்ந்தே எரிந்துவிடும். அதற்கு ரெசினை அமிலத்தில் கரைக்க வேண்டும்.)

இரும்பில் வேலை செய்பவருக்கு இரும்பு ஏற்கெனவே செய்யப்பட்டு வருகிறது. கடையில் வாங்கும்போதே அதன் விறைப்பு தெரியும். இங்கே பொருளும் உருவமும் ஒரே மதியம் பிறக்கின்றன. ரோலர் பிடித்த கையைப் பொறுத்து எண் மாறும். அதனால் முதலில் நாலு தட்டையான தகடு செய்து, வெட்டி, இழுத்து, எரித்துப் பார்க்காமல் வடிவமைப்பு என்று ஒன்றைத் தொடங்குவது வீண்வேலை. நாங்கள் வரைபடத்தை ஆகஸ்டிலேயே முடித்துவிட்டு அக்டோபரில் தட்டைச் சோதித்தோம். தலைகீழ்.

வளைந்த தோளுக்கு இன்னும் நாலு அடுக்கு போடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிக் காட்டி, இதற்கு விளிம்பு எதற்கு மடித்திருக்கிறார்கள் என்று கேட்டார் சார். சீட்டின் ஓரத்தை முப்பது மி.மீ. வெளியே மடித்தோம், முதுகில் நுரைப்பட்டை ஒன்றை வைத்து அதன் மேல் இரண்டு அடுக்குத் துணி போர்த்தினோம். கூடிய எடை இருநூறு கிராம்கூட இல்லை. தோள் அசையவில்லை.

தட்டையான தகடு என்றதும் நினைவு வருகிறது. ஒருதிசைத் துணியில் இரண்டே அடுக்கு, கீழே நெடுக்கு, மேலே குறுக்கு என்று போட்டு அடுப்பில் இறுக்கினோம். வெளியே எடுத்து ஆற வைத்தால் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. இழையின் திசையில் சுருக்கம் குறைவு, குறுக்கே அதிகம், ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அடுக்குகள் ஒத்திருக்க வேண்டும் என்று புத்தகத்தில் பெரிய மேட்ரிக்ஸாகப் படித்ததை அந்த ஒரு அப்பளம் புரிய வைத்தது. அதைச் சுவரில் மாட்டி வைத்தோம்.

மூக்குக்கு வருகிறேன். ஆளை இடித்தாலும் குத்தாதபடி முன்விளிம்புகளின் ஆரம் 38 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று விதி. அதற்கான உருவை தெர்மோகோலில் செதுக்கி, அதன்மேல் நேராகப் பாலியெஸ்டர் பூசினார்கள் இரண்டு பேர். தெர்மோகோலே ஸ்டைரினிலிருந்து வந்தது, பாலியெஸ்டரில் இருப்பதும் ஸ்டைரின். வெந்நீரில் போட்ட வெல்லமாக மூக்கு கரைந்தது. எபாக்சி அப்படிக் கரைக்காது. முதலில் எபாக்சி ஒரு பூச்சு, அப்புறம் புட்டி, அப்புறம் என்ன வேண்டுமானாலும்.

மூக்கைக் கார்பனில், வாக்குவம் இன்ஃப்யூஷன் முறையில் செய்வதாக முடிவு. உலர்ந்த துணியை மோல்டில் அடுக்கி, அதன் மேல் பிறகு உரித்தெடுக்கும் பீல் பிளை துணி, ரெசின் பரவ ஒரு வலை, எல்லாவற்றுக்கும் மேல் பிளாஸ்டிக் பை, சுற்றிலும் பசை நாடா. பம்பு உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பையை அழுத்தும். ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து டன், ஒரு லாரிப் பாரம். அந்த அழுத்தமே ரெசினையும் இழுத்து உள்ளே அனுப்பும். எல்.ஒய். 556 இதற்கு ஆகாது, தேன் மாதிரி கெட்டி. விளக்கெண்ணெயைவிட இளக்கமான இன்ஃப்யூஷன் ரெசின் தனியாகக் கிடைக்கிறது, வாங்கினோம்.

முதல் முயற்சி டிசம்பரில் ஒரு இரவு. பம்பை நிறுத்தி வால்வை மூடினால் வாக்குவம் மானியின் முள் நகரக் கூடாது. எங்கள் முள் நகர்ந்தது. நாடாவை ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டே இரண்டு மணி நேரம் சுற்றினோம். ஸ்ஸ்ஸ் என்று எங்கோ கேட்கிறது, எங்கே என்று தெரியவில்லை. மின்விசிறியை அணைத்து, எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, ஒரு தோழியின் அக்காவிடம் கடன் வாங்கிய ஸ்டெதஸ்கோப்பால் ஓரமெல்லாம் வைத்துக் கேட்டேன். நாடாவுக்கு அடியில் ஒரே ஒரு இழை குறுக்கே கிடந்தது. முடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள நூல்கள் மூவாயிரம் சேர்ந்ததுதான் அந்த இழை, அதன் ஊடாகவே காற்று நுழைந்திருக்கிறது. அன்றிலிருந்து துணி வெட்டுவதற்கு முன்பே நாடாவை ஒட்டி, அதன் மேல்தாளை உரிக்காமல் வைத்துவிடுவோம். பையை மூடும்போதுதான் உரிப்பது. கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால்தான் ரெசினைக் கலப்பது.

கசிவு அடைபட்டது, ஆனாலும் முதல் மூக்கு தேறவில்லை. நுனியில் ஒரு தோசை அளவுக்கு ரெசின் போகாத வறண்ட திட்டு. ரெசினை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் உறிஞ்சியதுதான் தப்பு. முதல் முப்பது செ.மீ. நாலு நிமிடத்தில் நனைந்தது. அறுபதுக்கு எட்டு நிமிடம் என்று நினைத்தோம், பதினாறு ஆகும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. டார்சி விதி என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய அதே ஆட்கள்தான் நாங்கள். அடுத்த தடவை ரெசின் வரும் குழாயை நடுமுதுகில் நீளவாக்கில் வைத்து, இரண்டு ஓரத்திலும் உறிஞ்சினோம். பயண தூரம் சுருங்கியது, இருபது நிமிடத்தில் முழுக்க நனைந்தது. பம்புக்கு முன்னால் ரெசின் பிடிக்க ஒரு மூடிய பாத்திரம் வைக்க மறந்துவிடாதீர்கள். ஒரு பம்பைப் பலிகொடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். கார்பனைத் துளையிடும்போது பின்னால் மரக்கட்டை வைத்து இறுக்கவில்லை என்றால் கடைசி அடுக்கு பிய்ந்துகொண்டு வரும். அலுமினியத் தாங்கி கார்பனோடு நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், நடுவே ஒரு அடுக்குக் கண்ணாடித் துணி போடுங்கள். கார்பன் தூள் மின்சாரம் கடத்தும், வயரிங் வேலை நடக்கும் இடத்தில் தேய்க்கக் கூடாது. அரிப்புக்குப் பச்சைத் தண்ணீரில் கழுவுவதுதான் நல்லது, வெந்நீர் பட்டால் இன்னும் மோசம். மேஸ்திரி வேலைக்கு முன்னால் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார், ஆனால் எண்ணெய்க் கையால் துணியைத் தொட்டால் ரெசின் ஒட்டாது. நைட்ரைல் கையுறை, முகமூடி, கண்ணாடி மூன்றும் போதும். அப்புறம் ஒரு நோட்டு. தேதி, அறை வெப்பம், கலந்த எடை, கலந்த நேரம், ஜெல் ஆன நேரம். நாங்கள் அந்த நோட்டைச் சீட் கெட்ட பிறகுதான் ஆரம்பித்தோம்.

ஜனவரியில் கார் ஓடியது. போட்டிக்கு நாலு நாள் முன்னால் வெயிலில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் பக்கமிருந்த சீட்டின் முதுகு லேசாக இளகியது தெரிந்தது. அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சியை மறுபடி சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும் என்பதை விட்டுவிட்டிருந்தோம். தெர்மோகோல் அட்டையில் ஒரு பெட்டி கட்டி, அறை ஹீட்டர் ஒன்றை உள்ளே விட்டு, அறுபது டிகிரியில் ஒரு இரவு முழுக்க மாறி மாறிக் காவல் இருந்தோம். அதன்பிறகு இளகவில்லை. எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை, எங்கள் கார் கடைசி நாள் வேறொரு காரணத்துக்காக நின்றுபோனது. அது டிரான்ஸ்மிஷன் பிரிவின் கதை, அவர்கள் எழுதட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சீட் மோல்டில் வந்த அடுத்த சீட்டை பஸ்ஸில் போட்டு எடுத்துப்போய் மேஸ்திரியிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகில் அறுத்த கோட்டைத் தடவினார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, ஒரு ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். இடது இடுப்புப் பக்கம் சத்தம் மாறியது, எனக்கே கேட்டது. சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். இன்னும் கொஞ்சம் தட்டி, முழங்காலுக்குக் கீழே இன்னொன்று.

"இங்க காத்து இருக்குது அம்மிணி. இதுலயும் இருக்குது."

"ஏனுங்க மாமா, நாங்க ரோலர் நல்லாத்தான் போட்டோம்."

"போட்டிருப்பே. மூலையில ரோலர் போவாது. பிரஷ்ஷ நட்டமா வெச்சுக் குத்தோணும்." ஒரு பழைய பிரஷை எடுத்து, முடியைப் பாதிக்கு வெட்டி, என்னிடம் கொடுத்தார்.